எழுத்து உருமாறினாலும் பெயர் தொலையக்கூடாது



இம்மாதம் கணனி எழுத்துக்களைப் பற்றிப் பேசப்போகிறோம். "கணனி படித்த பிள்ளைகளுக்குரிய விடயம் எங்களுக்கு ஏன்?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கணனியைக் கையால் தொட்டே பார்க்காத பெண்ணின் பெயரும் இன்று ஏதோ ஒரு கணனிக்குள் இருக்கிறது. வீட்டுத்திட்டப் பட்டியல், நிவாரணப் பட்டியல், பாடசாலை அனுமதி, வங்கிக் கணக்கு, காணிப் பத்திரம் என்று எல்லாமே அங்கேதான் கிடக்கின்றன. அந்தப் பெயர் பிழையாக இருந்தால் அலைவது கணனி அல்ல, நாங்கள்தான்.

அதிலும் எங்கள் பெண்கள் எழுதிக் கொடுத்த கடிதங்கள் கொஞ்சமா? 2010 இல் நியமிக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவுக்கு எழுதினோம். 2013 இல் காணாமற்போனோர் பற்றிய முறைப்பாடுகளை விசாரிக்கவென்று நியமிக்கப்பட்ட ஜனாதிபதி ஆணைக்குழுவுக்கு எழுதினோம். 2016 இல் சட்டமாகி 2018 இல் இயங்கத் தொடங்கிய காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கும் எழுதினோம். ஒவ்வொரு முறையும் அதே பெயர், அதே திகதி, கடைசியாகக் கண்ட அதே இடம். பெரும்பாலும் சந்தியில் உள்ள தொடர்பாடல் நிலையத்தில் தட்டச்சுச் செய்வித்து, ஒரு பிரதியைக் கையிலும் மற்றதை இறுவட்டிலும் வைத்துக்கொண்டோம்.

அப்படி வைத்திருந்த ஒரு அக்கா அண்மையில் எங்கள் நிலையத்துக்கு வந்தார். 2011 இல் எழுதுவித்த கடிதத்தின் கடதாசிப் பிரதி மழையில் நனைந்து போய்விட்டது. இறுவட்டு மட்டும் மிச்சம். அதைப் புதுக் கணனியில் போட்டுத் திறந்தபோது, திரை முழுவதும் ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளும்தான் இருந்தன. ஒரு சொல்லும் விளங்கவில்லை.

"என்ன பிள்ளை, அவற்றை பேர் முழுக்க அழிஞ்சு போச்சோ?" என்று கேட்டார்.

"ஒண்டும் அழியேல்லை அக்கா. எழுத்து உள்ளுக்கை அப்படியே கிடக்குது. அதுக்குரிய உடுப்புத்தான் இந்தக் கணனியில இல்லை," என்றேன்.

அந்த "உடுப்பு" என்ன என்பதை எல்லாரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஏனென்றால் இந்த நிலை ஒரு அக்காவுக்கு மட்டும் வந்ததல்ல.

எழுத்துரு என்றால் என்ன?

கணனிக்கு "அ", "ஆ" எதுவும் தெரியாது. அதற்குத் தெரிந்தது எண்கள் மட்டுமே. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் உண்டு. அந்த எண்ணைப் பார்த்துத் திரையில் எந்த வடிவத்தை வரைய வேண்டும் என்று சொல்லும் கோப்புக்குத்தான் எழுத்துரு என்று பெயர். அது கணனியில் நிறுவப்பட்டிருக்க வேண்டும்.

முன்பு தமிழுக்கென்று கணனியில் தனியான எண்கள் பாவனையில் இருக்கவில்லை. எனவே எழுத்துரு செய்தவர்கள் ஒரு உபாயம் செய்தார்கள். ஆங்கில எழுத்தின் எண்ணுக்குத் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்தார்கள். இலங்கையிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் மிகப் பரவலாகப் பாவிக்கப்பட்ட பாமினி எழுத்துரு இந்த வகையைச் சேர்ந்ததுதான். பாமினியில் "அம்மா" என்று அடிப்பதற்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து விசைகளைத் தட்ட வேண்டும். கணனி சேமித்து வைப்பது 109, 107, 59, 107, 104 என்ற ஐந்து எண்களை. பாமினி இருக்கும் கணனியில் அது "அம்மா" என்று தெரியும். பாமினி இல்லாத கணனியில் அந்த எண்களுக்குரிய ஆங்கில எழுத்துக்களே தெரியும். அக்காவின் கடிதத்துக்கு நடந்ததும் இதுதான்.

பிறகு யுனிகோட் வந்தது. உலக மொழிகளின் ஒவ்வொரு எழுத்துக்கும் தனக்கென்று ஒரு எண் கொடுக்கும் ஏற்பாடு இது. 1991 இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. 2944 தொடக்கம் 3071 வரையான 128 இடங்கள் தமிழுக்குரியவை. இதில் "அம்மா" என்பது 2949, 2990, 3021, 2990, 3006. இந்த எண்கள் வேறு எந்த மொழிக்கும் உரியவை அல்ல. விண்டோஸ் 2000 உடன் லதா என்ற யுனிகோட் தமிழ் எழுத்துரு வந்தது. இலங்கைக் கட்டளைகள் நிறுவனமும் தமிழ் எழுத்துக் குறியீட்டுக்கான எஸ்.எல்.எஸ். 1326 என்ற நியமத்தை 2008 இல் வெளியிட்டது. இன்று உங்கள் கைத்தொலைபேசியில் வரும் தமிழும் யுனிகோட் தமிழே.

ஆனால் 2000 களில் எங்கள் பிரதேசங்களில் தட்டச்சுச் செய்யப்பட்ட கடிதங்களில் பெரும்பகுதி பாமினியிலும் அதுபோன்ற பழைய எழுத்துருக்களிலும்தான் கிடக்கிறது. அச்சகங்கள் சிலவற்றில் இன்றும் அதுவே பாவனை.

கணனியிடம் கேட்ட மூன்று கேள்விகள்

எங்கள் நிலையத்தில் கணனி படிப்பிக்கும் தங்கச்சி ஒருவர் ஜாவா என்ற நிரல் மொழியில் ஒரு சிறிய நிரல் எழுதினார். நிரல் மொழி என்றால் கணனிக்குக் கட்டளை எழுதும் மொழி. ஜாவா 1995 இல் அறிமுகமானது. அந்த நிரல் செய்யும் வேலையை அவர் எனக்கு விளங்கப்படுத்தியபோது, எங்கள் வேலைக்கும் அதற்கும் நிறையச் சம்பந்தம் இருப்பதைக் கண்டேன்.

முதற் கேள்வி: "இந்தக் கணனியில் என்னென்ன எழுத்துருக்கள் நிறுவப்பட்டிருக்கின்றன?" கணனி பெயர்ப்பட்டியல் ஒன்றைக் கொடுக்கும். அதில் பாமினி இல்லாவிட்டால் விடயம் முடிந்தது. ஆனால் பட்டியலைப் பார்க்காமல் நேரே "பாமினியில் எழுது" என்று கட்டளையிட்டால் ஜாவா பிழை என்று சொல்லாது. சத்தமில்லாமல் தன்னிடம் இருக்கும் வேறொரு எழுத்துருவைப் போட்டுவிடும். கேட்டது இல்லை என்று சொல்லாமல் வேறொன்றைக் கையில் தந்து அனுப்பும் கடைக்காரரைப் போலத்தான். ஆகவே முதலில் பட்டியலைக் கேட்க வேண்டும்.

இரண்டாம் கேள்வி: பட்டியலில் உள்ள ஒவ்வொரு எழுத்துருவிடமும், "2949 ஆம் எண்ணை, அதாவது அ என்ற எழுத்தை உன்னால் காட்ட முடியுமா?" லதா "முடியும்" என்று சொல்லும். பாமினி "முடியாது" என்று சொல்லும். தமிழ் எழுத்துருவே தமிழ் தெரியாது என்று சொல்வது வேடிக்கைதான். அது தமிழ் வடிவத்தை ஆங்கில எண்ணுக்குள் ஒளித்து வைத்திருப்பதால் இந்த மறுமொழி. ஆகவே பெயரை மட்டும் பார்த்து எழுத்துருவை நம்பக்கூடாது. என்ன காட்டத் தெரியும் என்று கேட்க வேண்டும்.

மூன்றாம் கேள்வி கோப்பிடம்: "உனக்குள் இருக்கும் எண்கள் எவை?" 2944 க்கும் 3071 க்கும் இடையிலான எண்கள் நிறைய இருந்தால் அது யுனிகோட் தமிழ். எல்லாம் 128 க்குக் கீழே இருந்து, நடுவில் 59 என்ற அரைப்புள்ளி ஓயாமல் வந்தால், பழைய எழுத்துருவில் அடித்த தமிழ் என்று ஊகிக்கலாம். எங்கள் மொழியில் புள்ளி வைத்த எழுத்துக்கள் அதிகம் அல்லவா? பாமினியில் அந்தப் புள்ளிதான் அரைப்புள்ளி விசை.

நான்கு அடையாளங்கள்

இனி, கணனி தெரியாதவர்களும் கண்ணால் பார்த்தே பிரித்தறியக்கூடிய நான்கு அடையாளங்களைச் சொல்கிறேன்.

ஒன்று: விளங்காத ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளும் தெரிகின்றன. எழுத்து அழியவில்லை. பழைய எழுத்துருவை நிறுவினால் வாசிக்கலாம்.

இரண்டு: எழுத்துக்கள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சிறு பெட்டிகள் தெரிகின்றன. இதிலும் எழுத்து அழியவில்லை. பாவிக்கும் எழுத்துருவுக்குத் தமிழ் தெரியாது, அவ்வளவுதான்.

மூன்று: வரிசையாகக் கேள்விக்குறிகள் தெரிகின்றன. இதுதான் ஆபத்து. தமிழ் தெரியாத ஒரு முறையில் கோப்பு சேமிக்கப்பட்டிருந்தால் ஒவ்வொரு எழுத்தும் 63 என்ற ஒரே எண்ணாக, கேள்விக்குறியாக மாறியிருக்கும். பிறகு எந்த எழுத்துருவாலும் அதை மீட்க முடியாது. கேள்விக்குறியைக் கண்டால் "சேமி" என்பதைத் தொடவே வேண்டாம். சேமிக்காமல் மூடிவிட்டு, முந்திய பிரதி எங்கே இருக்கிறது என்று தேடுங்கள்.

நான்கு: தமிழ் எழுத்துத் தெரிகிறது, ஆனால் கொம்பு இடம் மாறி நிற்கிறது, புள்ளி தனியே தள்ளி நிற்கிறது. "பெண்" என்ற சொல்லில் கொம்பு முன்னுக்கு இருந்தாலும், யுனிகோட்டில் முதலில் "ப", பிறகுதான் கொம்பு என்று சேமிக்கப்படும். காட்டும்போது கொம்பை முன்னுக்குக் கொண்டுவருவது மென்பொருளின் கடமை. அந்த ஒழுங்கு தெரியாத மென்பொருள் எண்களை வந்த வரிசையிலேயே வரைந்துவிடும். இங்கே எழுத்துரு நிறுவப்பட்டிருப்பது மட்டும் போதாது. எழுத்து அழியவில்லை, ஆனால் இப்படி அச்சான பத்திரத்தை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

பழைய எழுத்துருவில் உள்ளதை யுனிகோட்டுக்கு மாற்ற மென்பொருட்கள் உண்டு. அவை செய்வது, எந்த விசைக்கு எந்த எழுத்து என்ற அட்டவணையைப் பார்த்து மாற்றுவதுதான். "கொ" என்பது பாமினியில் கொம்பு, க, அரவு என்று மூன்று தட்டல். மூன்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். தனித்தனியே மாற்றினால் சொல் குலைந்துவிடும்.

அட்டவணை எவ்வளவு நன்றாக இருந்தாலும், கடிதத்தில் ஆங்கிலமும் கலந்திருந்தால் சிக்கல் வரும். கணனிக்கு எது ஆங்கிலம், எது தமிழ் என்று தெரியாமல் எல்லாவற்றையும் தமிழாக்கிவிடும். பாமினியில் பெரிய வீ எழுத்தின் விசை "ஏ", பெரிய எக்ஸ் எழுத்தின் விசை "ஓ". பழைய தேசிய அடையாள அட்டையில் ஒன்பது இலக்கங்களுக்குப் பின்னால் வீ அல்லது எக்ஸ் இருக்கும். 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க எண்ணில் அது இல்லை. ஆனால் நாங்கள் தேடிக்கொண்டிருக்கும் உறவுகளின் அட்டைகள் பழையவை அல்லவா? மாற்றியபின் அவர்களின் அட்டை இலக்கத்தின் கடைசியில் "ஏ" என்று நிற்கும்.

காற்புள்ளியும் அப்படியே. பாமினியில் காற்புள்ளி விசையில் இருப்பது "இ". ஆங்கில எழுத்துருவில் போட்ட காற்புள்ளி எல்லாம் மாற்றியபின் "இ" ஆகிவிடும். விலாசத்தின் நடுவில் சம்பந்தமில்லாமல் "இ" வந்தால் காரணம் இதுதான்.

இவற்றையாவது கண்ணால் கண்டு திருத்தலாம். கண்ணுக்குத் தெரியாத பிழை இன்னொன்று உண்டு. பழைய எழுத்துருவில் அடித்தவர்கள் பலர் "ர்" என்ற எழுத்துக்கு ரகர விசையைத் தட்டாமல், அரவு விசையைத் தட்டி மேலே புள்ளி வைத்தார்கள். கடதாசியில் பார்த்தால் "ர்" போலவே இருக்கும். யுனிகோட்டுக்கு மாற்றியபின் அது வேறு எழுத்து. அதேபோல் கௌரி, கௌசல்யா போன்ற பெயர்களில் வரும் ஔகாரக் குறிக்குப் பாமினியில் தனி விசை இல்லை. ளகரத்தைத் தட்டித்தான் ஒப்பேற்றினார்கள். மாற்றும் மென்பொருள் அதை ஔகாரமாக எடுக்கலாம், கொம்பும் ளகரமும் என்று பிரித்தும் எடுக்கலாம்.

இதில் என்ன நட்டம் என்று கேட்கலாம். பட்டியலில் பெயரைத் தேடும்போது கணனி எழுத்தின் வடிவத்தைப் பார்ப்பதில்லை, எண்ணைத்தான் பார்க்கிறது. ஒருவர் சரியான எண்ணில் "கௌரி" என்று தேடுகிறார். பட்டியலில் இருப்பது கொம்பும் ளகரமும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். கணனி "அப்படி ஒருவர் இல்லை" என்று சொல்லும். அந்த ஒரு சொல்லைக் கேட்டுவிட்டு எத்தனை பெண்கள் பேருந்து ஏறித் திரும்பியிருப்பார்கள்! கொடுத்த முறைப்பாடு பதியப்படவே இல்லை என்று எத்தனை தாய்மார் நெஞ்சு வெடித்திருப்பார்கள்! பெயர் உள்ளேயே இருக்கும், தேடிய விதத்தில்தான் அது அகப்படாமல் போயிருக்கும். ஆகவே "பெயர் இல்லை" என்று சொன்னால் உடனே திரும்பாதீர்கள். அடையாள அட்டை இலக்கத்தைக் கொண்டு தேடும்படி கேளுங்கள். ஆங்கிலப் பெயரைக் கொண்டும் தேடும்படி கேளுங்கள். முறைப்பாட்டு இலக்கம் இருந்தால் அதைக் கொடுங்கள்.

"கணனியில் தமிழ் இல்லை"

அலுவலகங்களில் இந்தப் பதிலைக் கேட்காதவர்கள் எங்களில் குறைவு. தமிழ் 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தத்தின் மூலம் அரசகரும மொழியாக்கப்பட்டது. 1988 இன் 16 ஆவது திருத்தம் வடக்குக் கிழக்கில் தமிழை நிர்வாக மொழியாக்கியது. சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள இடங்களிலும் தமிழில் எழுதவும் பதில் பெறவும் எங்களுக்கு உரிமை தந்தது. இந்த உரிமை மீறப்பட்டால் முறையிடுவதற்கு, 1991 ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழு இருக்கிறது.

சமூகவியல் படித்தபோது, அதிகாரம் எப்போதும் மனிதர் வாயால் மட்டும் பேசுவதில்லை என்று படித்தேன். படிவமாகவும் வரிசையாகவும் அது பேசும். வேலைக்கு வந்த பிறகு, கணனியாகவும் பேசும் என்று கண்டேன். அதிகாரி முடியாது என்றால் ஏன் என்று கேட்கும் அக்காமார், கணனி முடியாது என்கிறது என்றால் பேசாமல் எழும்பிவிடுகிறார்கள். இந்தப் பக்கத்தைப் படித்த பிறகு நீங்கள் எழும்பத் தேவையில்லை. விண்டோஸ் கணனிகளில் யுனிகோட் தமிழ் எழுத்துரு கூடவே வருகிறது. இல்லாவிட்டால் சில நிமிடத்தில் காசில்லாமல் நிறுவலாம். "எழுத்துரு இல்லையெண்டால் போடுங்கோ, நான் இருக்கிறன்" என்று மரியாதையாகவே சொல்லலாம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

தட்டச்சுச் செய்விக்கப் போகும்போது, "யுனிகோட்டில் அடிச்சுத் தாங்கோ" என்று முதலிலேயே சொல்லுங்கள்.

முடிந்ததும் மூன்றாக வாங்குங்கள்: கடதாசிப் பிரதி, திருத்தக்கூடிய கோப்பு, பி.டி.எஃப். கோப்பு. எழுத்துரு உள்ளே பதிக்கப்பட்ட பி.டி.எஃப். எந்தக் கணனியிலும் ஒரே மாதிரித் தெரியும். பதித்துத் தரும்படி கேளுங்கள்.

வீட்டிலுள்ள பழைய இறுவட்டுகளை இந்த மாதமே எடுத்துப் பாருங்கள். அவை காலம் போகப் பழுதாகும். மாற்றும்போது பழைய கோப்பின் மேல் எழுதாமல் புதுப் பெயரில் சேமியுங்கள். மூலம் மூலமாகவே இருக்கட்டும்.

மாற்றிய கடிதத்தை ஒருவர் வாசிக்க மற்றவர் பழைய கடதாசியைப் பார்த்துச் சரிபாருங்கள். பெயர், அடையாள அட்டை இலக்கம், திகதி, விலாசம் ஆகிய நான்கையும் எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

பாமினி விசைப்பலகையில் தட்டச்சுப் பழகிய சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பயிற்சி வீணாகவில்லை. பழகிய பாமினி விசைகளிலேயே தட்டி யுனிகோட் எழுத்தைப் பெற, என்.எச்.எம். ரைட்டர் போன்ற இலவச மென்பொருட்கள் இருக்கின்றன. பழைய கடிதங்களை வாசித்து மாற்றித் திருத்தக்கூடியவர்களும் நீங்கள்தான். இரண்டு எழுத்தும் தெரிந்த கைகளுக்கு ஊரில் வேலை இருக்கிறது.

அந்த அக்காவின் கடிதத்தை நாங்கள் மாற்றிக் கொடுத்தோம். கணவரின் அடையாள அட்டை இலக்கத்தின் கடைசியில் "ஏ" என்றுதான் வந்திருந்தது. அக்கா அந்த இலக்கத்தை மனப்பாடமாகச் சொன்னார், தங்கச்சி திருத்தினார். இப்படி மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் எங்களோடு இருக்கும்போதே இந்த வேலையைச் செய்து முடிப்போம்.

அடுத்த மாதம் வேறொரு விடயத்துடன் சந்திப்போம்.